குத்தின கை இந்த ஊரிலதான் இருக்கு

எங்கட ஊரில் இந்த வேலைக்கு ரெண்டு பெயர் இருக்கு. அம்மம்மா வயசுக்காரர் ‘பச்சை குத்துறது’ என்பார்கள். எங்கட வயசுக்காரர் ‘டட்டூ அடிக்கிறது’ என்பார்கள். முதலாவது பெயரைச் சொன்னால் பெரியாக்களின் முகத்தில் ஒரு ஞாபகம் வரும். ரெண்டாவதைச் சொன்னால் ஒரு கேள்வி வரும்: “அதெல்லாம் ஏன் பிள்ளை உங்களுக்கு?” வேலை ஒன்றுதான். ஊசியால் தோலுக்குள் கரியை வைப்பது. கரி கறுப்புத்தான், ஆனால் தோலுக்கு அடியில் கிடக்கும்போது நீலமும் பச்சையும் கலந்ததுபோலத் தெரியும். பழைய பெயர் அப்பிடி வந்ததுதான்.

நாங்கள் ரெண்டு பேர். ஒருத்தி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடத்தில் தமிழ் படிக்கிறாள். மற்றவள் ஏ.எல்.லுக்குச் சித்திரம் எடுத்தவள். இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டதால் கம்பஸ் கிடைக்கவில்லை. ஊசி பிடிப்பது அவள். எழுத்து, வரைபு, கணக்கு, வருகிற ஆக்களோடு கதைப்பது எல்லாம் கம்பஸ்காரி. இதை எழுதுவதும் கம்பஸ்காரிதான். ஆனால் மற்றவள் பக்கத்தில் இருந்து வரிக்கு வரி திருத்துவதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். திருகோணமலை உட்துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டின் முன் அறைதான் எங்கட இடம். வெளியில் போர்ட் இல்லை. வாறவர்கள் எல்லாரும் யாரோ சொல்லி வாறவர்கள்.

கம்பஸில் படிக்கிற, படிச்சு முடிச்ச பிள்ளைகள் இப்ப அடிக்கடி மெசேஜ் போட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “இதை ஒரு தொழிலாச் செய்யலாமா? தனியா?” ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பிக் களைச்சுப் போனதால்தான் இந்தக் கட்டுரை. செய்யலாம். ஆனால் தனியாகச் செய்வது என்றால் என்ன என்பதை நாங்கள் இந்த ஊரில் இருந்துதான் விளங்கிக்கொண்டோம்.

இது பொம்பிளையளின்ர தொழில்

“பொம்பிளப் பிள்ளையள் ஆம்பிளையளின்ர கையைப் பிடிச்சு ஊசி குத்துறதா?” என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. தமிழ் ஊர்களில் பச்சை குத்துவது பொம்பிளைகள் செய்த தொழில். 1909 இல் மதராசில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் குறவர் பெண்கள் குறி சொல்வதையும் பச்சை குத்துவதையும் தொழிலாகச் செய்தது பதிவாகியிருக்கு. கோலப் புள்ளி, தேள், பெயர் என்று ஊர் ஊராகப் போய்க் குத்தினார்கள். எங்கள் ஒருத்தியின் அம்மம்மாவின் முழங்கைக்குக் கீழே மூன்று வரிசைப் புள்ளியும் ஒரு வளைவும் இருக்கு. கோயில் திருவிழாவுக்கு வந்த குறத்தி ஒருத்தி குத்தினது. “குத்தேக்க பாட்டுப் பாடினவ, அழுதா இன்னும் பெரிசாப் பாடுவா” என்று அம்மம்மா சொல்லுவா. அந்த மக்களில் பலர் இப்ப அலைவதை விட்டுவிட்டு அக்கரைப்பற்றுப் பக்கம் அளிக்கம்பை போன்ற இடங்களில் குடியிருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸின் கலிங்கா மலையில் வங்-ஓட் என்ற ஒரு பாட்டி இருக்கிறா. முள்ளும் கரியும் வைத்துத் தட்டித் தட்டிக் குத்துவா. 2023 ஏப்ரலில் வோக் பிலிப்பைன்ஸ் இதழ் அவவை அட்டையில் போட்டது, அப்ப வயசு 106. கை நடுங்கத் தொடங்க முதல் தன் பேத்தி முறைப் பிள்ளைகளுக்குத் தொழிலைப் பழக்கியிருக்கிறா. ரத்த உறவுக்குத்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அந்த ஊர் வழக்கம். எங்களுக்கு அப்பிடிச் சொல்லித்தர யாரும் இல்லை. அம்மம்மாவின் கையைப் பார்த்தால் ஒன்று மட்டும் விளங்கும். குத்தினவ அடுத்த ஊருக்குப் போய்விட்டா. வடிவோ கோணலோ, அவவைத் தேடிப் போய்க் கேட்க ஏலாது. நாங்கள் போகவில்லை. எங்கட வேலை சந்தையில் மீன் வாங்கும், பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து சீட்டில் இருக்கும், கோணேசர் கோயில் வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எங்கட தொழிலின் எல்லா விதியும் தொங்குது.

பழகினது

ஊசிக்காரி முதலில் செய்தது மருதோன்றி. கலியாண வீடுகளுக்குப் போய்ப் போடுவாள். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு எல்லாம். கோடு நடுங்காமல் இழுக்கிற பழக்கம் அங்கேதான் வந்தது. முஸ்லிம் அக்காமார் நிறையப் பேர் இன்றைக்கும் அவளிடம் மருதோன்றிக்குத்தான் வருகிறார்கள். நிரந்தரமாகக் குத்துவது மார்க்கத்தில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், அவர்களிடம் அந்தக் கதையை எடுப்பதே இல்லை.

பிறகு கொழும்பில் ஒரு கடையில் ஏழு மாதம் உதவியாளாக நின்றாள். முதல் நாலு மாதமும் சம்பளம் இல்லை. தரை துடைக்கிறது, தேத்தண்ணி போடுறது, ஊசிக் குப்பை கட்டுறது. “நீ போன்ல வாற கேர்ள்ஸ்ஸோட மட்டும் கதை” என்பார்கள். அது 2022. மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை லைற் இல்லை. ரெண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் போனது. மை, ஊசி எல்லாம் வெளியில் இருந்து வாறது, விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. கரண்ட் இருக்கிற நேரத்துக்கு ஏற்ப அப்பொயின்மென்ட் மாற்றுவது அவளின் வேலை. அந்த ஏழு மாதத்தில் அங்கே யாரும் இருத்திச் சொல்லித்தரவில்லை. ஆனால் பார்த்தாள். எந்த ஊசி எந்த வேலைக்கு, யார் கிளவுஸ் மாற்றுகிறார்கள், யார் மாற்றாமல் போனைத் தொட்டுவிட்டு அதே கையால் தோலைத் தொடுகிறார்கள், எல்லாவற்றையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து தோடம்பழத்தில் பழகினாள். தோடம்பழத் தோல் வளைந்தது, ஆழமாகப் போனால் உடனே சாறு வரும். பிறகு சிலிக்கன் தோல். பிறகு தன்ர தொடை. மற்றவர் தோலைத் தொட முதல் தன்ர தோலில் நாலு வேலை செய்து, அது ஆறுகிற வரைக்கும் நாள் நாளாகப் படம் எடுத்து வைத்தாள்.

மெஷின் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அடிப்படை பழசு. எடிசன் 1876 இல் பிரதி எடுக்க ஒரு மின்சாரப் பேனைக்குக் காப்புரிமை எடுத்தார். அந்த யோசனையைப் பிடித்து 1891 இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓரைலி பச்சை குத்துகிற மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். இப்ப பற்றரியில் ஓடுகிற பேனை மாதிரி வருது. மெஷின் பெரிய விஷயம் இல்லை, ஆழம்தான் விஷயம். மேல்தோலைத் தாண்டி உட்தோலில், ஒன்று முதல் ரெண்டு மில்லிமீற்றருக்குள் மை நிற்க வேணும். மேலே நின்றால் தோலோடு உரிந்து போகும். கீழே போனால் புகைந்து பரவும்.

உள்ளே போன மைக்கு என்ன நடக்குது என்று 2018 இல் பிரான்ஸின் மார்சேய் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். உடம்பின் காவல் கலங்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்ளுது. அந்தக் கலம் செத்தால் மை வெளியே வரும், அடுத்த கலம் வந்து அதைப் பிடிக்கும். அதாவது நிறம் அசையாமல் கிடப்பதில்லை, கை மாறிக் கை மாறித்தான் நிற்குது. கோடு வருஷம் போகப் போக ஏன் தடிக்குது என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் இந்தக் கதையைத்தான் சொல்லுவோம்.

சோழகமும் வாடையும்

எங்கட வருஷம் ரெண்டாகப் பிரியும். சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை கடல் அமைதி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருவார்கள். லண்டனில் இருந்து, டொரொன்டோவில் இருந்து எங்கட ஆக்களும் லீவுக்கு வருவார்கள். ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு வாடை. கடல் கொந்தளிக்கும், ஹோட்டல்கள் படுத்துவிடும், சின்னப் படகுகள் கரையில் கிடக்கும்.

சீசனில் காசு வரும் என்று நினைக்கிறீர்கள்தானே? வரும். ஆனால் புதுசாகக் குத்தின தோல் ஒரு புண். ரெண்டு மூன்று கிழமைக்குக் கடல் தண்ணி ஆகாது, வெயில் ஆகாது. இங்கே வாற சுற்றுலாக்காரர் எல்லாரும் கடலுக்கும் வெயிலுக்கும்தான் வாறார்கள். இன்றைக்குக் குத்திவிட்டு நாளைக்குப் புறாமலைக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்கப் போவோம் என்பார்கள். ‘பரவாயில்ல, பொலித்தீன் சுத்திக்கொண்டு போங்க’ என்று சொல்லிக் காசை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் “புறாமலைக்குப் போய்ட்டு வந்து, கடைசி நாள்ல வாங்க” என்போம். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். அந்தப் பாதிக் காசு எங்களுக்கு இல்லை என்று முதலே எழுதி வைத்துவிட்டோம்.

ஊர் ஆக்களுக்கு மறுவளம். கடல் தொழில் செய்கிற அண்ணாமாரின் கை எந்த நாளும் உப்புத் தண்ணிக்குள். சோழகத்தில் அவர்களுக்குக் குத்தினால் ஆறாது. அதனால் வாடையில் வரச் சொல்லுவோம். படகு கரையில் கிடக்கிற நாட்களில் கையில் காசு குறைவு, அதையும் நாங்கள் பார்க்க வேணும். அரைவாசி முதல், மிச்சம் மாசி பங்குனியில். கொப்பியில் எழுதிக்கொள்கிறோம். இன்றைவரை ஒருத்தரும் தராமல் விட்டதில்லை. வெள்ளைக்காரர் காசில் மை வாங்குகிறோம், வாடைக்காரர் காசில் வாடகை கட்டுகிறோம் என்று பகிடியாகச் சொல்லுவோம்.

எழுத்து

தமிழ் படிச்சு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: இங்கே ஒரு வேலை இருக்கு.

வெளிநாட்டில் இருந்து வாற பிள்ளைகள் போனில் ஒரு வசனத்தைக் காட்டி, “இதைத் தமிழ்ல குத்துங்க” என்பார்கள். சிலதில் மெஷின் மொழிபெயர்ப்பின் தமிழ். சிலதில் யாரோ பாமினியில் அடித்து அனுப்பி, அது ஆங்கில எழுத்துக் குழம்பாக மாறிக் கிடக்கும். ‘வலி’யா ‘வழி’யா என்று கேட்டால் “அது ரெண்டும் ஒண்டுதானே?” என்று கேட்ட ஒரு தம்பி இருக்கிறார். அவர் கேட்டது ‘என் வழி’. கொண்டு வந்தது ‘என் வலி’. எழுத்தைப் பார்க்காமல் குத்தி அனுப்பியிருந்தால் ஆயுசுக்கும் வலியோடு திரிந்திருப்பார்.

அதுக்கு மேல், தமிழ் எழுத்தே தோலில் ஒரு தனிப் பாடம். ‘ண’வின் சுழிகள், ‘ஐ’காரக் கொம்பு, மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் சின்னனாகப் போட்டால் இன்றைக்கு வடிவாக இருக்கும். கோடு தடிக்கத் தடிக்கச் சுழிகள் அடைந்துபோகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். ‘அம்மா’வில் புள்ளி ஒட்டினால் பத்து வருஷத்துக்குப் பிறகு என்ன வாசிப்பார்கள்? அதனால் அச்செழுத்தை அப்படியே எடுப்பதில்லை. சுழியைத் திறந்து, புள்ளியைத் தூக்கி, ஒவ்வொரு பெயரையும் கையால் வரைகிறோம். பனையோலையில் எழுத்தாணியால் எழுதினவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமலே விட்டார்கள் என்று முதலாம் ஆண்டில் படித்தபோது, அது பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்தோம். எழுதுகிற பொருள் எழுத்தை மாற்றும் என்பதை ஒவ்வொரு நாளும் தோலில் பார்க்கிறோம்.

‘மாட்டம்’ எண்டு சொல்றது

நாங்கள் செய்ய மாட்டம் என்று சொல்கிற பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கு. 18 வயசுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. குடித்துவிட்டு வந்தால் இல்லை. முகம், கழுத்து, கைவிரல் இல்லை. காதலிக்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகாத ஆளின் பெயர் இல்லை. (இதுக்குத்தான் சண்டை கூட.) புத்தர் உருவம் யாருக்கும் இல்லை.

கடைசி விதிக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். 2014 ஏப்ரலில் ஒரு பிரித்தானியப் பெண் கட்டுநாயக்காவில் இறங்கினபோது, மேற்கையில் தாமரையில் இருக்கும் புத்தர் இருந்தது என்று பிடித்து, தடுத்து வைத்து, நாடு கடத்தினார்கள். அவர் தானே பௌத்தத்தைப் பின்பற்றுகிறவர். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைதுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று சொல்லி, அவருக்கு 8 இலட்சம் ரூபா கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லது. ஆனால் அதுக்கு மூன்றரை வருஷம் பிடித்தது, வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் இருந்தது.

இன்னொன்று. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தை தர்மசக்கரம் என்று நினைத்து, கைது செய்து விளக்கமறியலில் வைத்தார்கள். நாங்கள் இருப்பது ஒரு துறைமுக ஊரில். 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படையின் தளம் இருந்தது. நங்கூரம், தகைவிலான் குருவி, சுக்கான் சக்கரம் எல்லாம் கப்பற்காரரின் பழைய பச்சைகள். அவர்கள் வழக்கில் ஒரு தகைவிலான் என்றால் ஐயாயிரம் கடல் மைல் ஓடினவர் என்று அர்த்தம். அந்தக் கைகள் எங்கட டொக்யார்ட் வீதியில் எவ்வளவு நடந்திருக்கும்! இன்றைக்கு ஒரு பொடியன் சுக்கான் சக்கரம் கேட்டால், நாங்கள் அதன் கைபிடிகளை வெளியே நீளமாக வைத்து, நடுவில் ஒரு கயிற்றையும் சுற்றி, யார் பார்த்தாலும் கப்பல் என்று தெரிகிற மாதிரி வரைகிறோம். வடிவுக்காக மட்டும் இல்லை.

எங்கட அப்பாமார் வயசுக்காரர் இதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வார்கள். யுத்த காலத்தில் உடம்பில் ஒரு அடையாளம் என்றால் செக்பொயின்ரில் ஒரு கேள்வி. மாங்காய் வெட்டேக்க பட்ட காயத்துக்கும் விளக்கம் சொல்ல வேணும். உடம்பை மற்றவன் வாசிப்பான் என்ற பயத்தில் வளர்ந்தவர்களிடம் போய், “நாங்களா விரும்பி ஒரு அடையாளம் போடுறம்” என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராது. பயம்தான் வரும். அந்தப் பயத்தோடு நாங்கள் வாதாடுவதில்லை.

ஷெல் பட்ட தழும்பை மூடக் கேட்டு ஒரு அன்ரி வந்தா. புதுத் தழும்பில் குத்தக் கூடாது, பழைய தழும்பிலும் மை ஒரே மாதிரி நிற்காது. அவவுடையது பழசு, ஆனால் தோல் தடித்து மேடாகக் கிடந்தது. மூன்று தரம் வந்து போனா. மூன்றாம் தரம் நாங்கள், “மேட்டுக்கு மேல வேணாம் அன்ரி, சுத்தி ஒரு கொடி போடுவம், தழும்பு அதுக்குள்ள இலை மாதிரி இருக்கட்டும்” என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மறைக்கத் தேவையில்ல” என்றா. குத்தாமலே போய்விட்டா. பிறகும் வருவா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவா.

போன வாடையில் நிலாவெளிப் பக்கத்து அண்ணா ஒருவர் வந்தார். கையில் ஒரு தேர்ச்சி அறிக்கை, நாலாம் ஆண்டு. 2004 மார்கழி 26 அன்று வீட்டில் இருந்த படம், பத்திரம் ஒன்றும் மிஞ்சவில்லை. இது மட்டும் பெரியம்மா வீட்டில் கிடந்ததாம். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து. அதை நெஞ்சில் வேணும் என்றார். ஸ்டென்சில் எடுத்தபோது நடுவில் பேனை மை விட்டுப்போன ஒரு இடைவெளி தெரிந்தது. “இதை நிரப்பிவிடவா அண்ணா?” என்று கேட்டோம். “வேணாம் தங்கச்சி. அப்பிடியே விடுங்க.” கால் மணித்தியால வேலை. ஆனால் அன்றைக்கு வேறு யாரையும் நாங்கள் எடுக்கவில்லை.

படிவத்தில் என்ன எழுதுறது?

வியாபாரப் பெயர் பதிய ஒரு அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தில் ‘தொழிலின் தன்மை’ என்று ஒரு கட்டம். “டட்டூ” என்றதும் உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்தார். “அழகுக்கலை எண்டு போடுங்க பிள்ளை, பிரச்சினை இல்லாமப் போகும்.” அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் இது அழகுக்கலையா? ஓவியமா? மருத்துவமா?

ஜப்பானில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. ஒசாகாவில் தைக்கி மசுதா என்ற டட்டூக் கலைஞர், வைத்தியர் அல்லாமல் தோலில் ஊசி குத்தினார் என்று 2015 இல் பிடிபட்டார். தண்டம் கட்டிவிட்டுப் போயிருக்கலாம், கட்டாமல் வழக்காடினார். 2017 இல் குற்றவாளி என்றார்கள். 2018 இல் மேல் நீதிமன்றம் விடுவித்தது. 2020 செப்டெம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம், இது மருத்துவம் அல்ல என்று முடித்துவைத்தது. தென்கொரியாவில் 1992 தீர்ப்புக்குப் பிறகு வைத்தியர் மட்டும்தான் குத்தலாம் என்று இருந்தது. ஊர் முழுக்க டட்டூக்காரர், எல்லாரும் சட்டத்துக்கு வெளியே. 2025 செப்டெம்பரில்தான் அதை மாற்றிச் சட்டம் நிறைவேற்றினார்கள்.

மருத்துவம் இல்லை என்று வென்றாலும் ஊசி ஊசிதான். ஹெப்பட்டைற்றிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசியால் பரவும். அதனால் ஊசி ஒரு தரம்தான். கழுவித் திரும்பப் பாவிக்கிற உலோகப் பிடி ஏதும் இருந்தால் ஓட்டோகிளேவில் 121 பாகையில் 15 நிமிஷம். மையைப் போத்தலில் இருந்து நேரே தொடுவதில்லை, சின்ன மூடியில் ஊற்றி, மிச்சத்தை எறிவது. நாங்கள் ரெண்டு பேரும் ஹெப்பட்டைற்றிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டிருக்கிறோம். ஊசிக் குப்பையை வீட்டுக் குப்பையோடு போடாமல், ஆய்வுகூடம் நடத்துகிற ஒருவரோடு கதைத்து அவரின் குப்பையோடு அனுப்புகிறோம். வாறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுவோம். குத்தின பிறகு பல மாதத்துக்கு ரத்தம் குடுக்க ஏலாது. ரத்ததானத்துக்குப் பேர் குடுத்திருந்தால் அதை முடித்துவிட்டு வாங்க.

படிவத்தில் கடைசியில் ‘பச்சை குத்துதல்’ என்று எழுதினோம். உத்தியோகத்தர் வாசித்துவிட்டுச் சிரித்தார். “எங்கட அம்மாவின்ர கையிலயும் இருந்தது” என்றார்.

கணக்கு

5,000 ரூபா வேலை ஒன்றில் ஊசி, மை, கிளவுஸ், ஸ்டென்சில், மூடுகிற பிலிம் என்று 1,600 வரை போகும். வாடகை, கரண்டுக்கு ஒதுக்கினால் மிச்சம் ரெண்டாயிரத்துச் சொச்சம், அது ரெண்டு பேருக்கு. மெஷின் வாங்கியது சீட்டுக் காசில், இன்னும் கட்டுகிறோம். நல்ல மாதத்தில் ஒரு பட்டதாரிப் பயிலுநரின் கொடுப்பனவை விடக் கூட வரும். வாடை மழை விடாமல் பெய்கிற மாதத்தில் பஸ் காசுக்கு யோசிக்க வேணும்.

இந்த ஊரில் கலைப்பட்டதாரி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். 2017 இல் கிழக்கில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்தார்கள். 2020 இல் 50,000 பட்டதாரிகளைச் சேர்க்கிற திட்டம் வந்தபோது வீடுகளில் வெடி கொளுத்தாத குறை. எங்கட வீட்டிலும் அம்மா இப்பவே நியமனக் கதை கதைக்கத் தொடங்கிவிட்டா. இறுதியாண்டுப் பரீட்சை வருது. விண்ணப்பம் கோரினால் போடுவோம். கிடைத்தால் போவோம். இதைச் சொன்னால் சில நண்பர்களுக்கு ஏமாற்றம். ‘பஷன்’ என்று சொல்லிவிட்டு அரச வேலையா என்பார்கள்.

அவர்களுக்கு ஒன்று சொல்ல வேணும். இந்தத் தொழிலில் ஆளைக் கெடுப்பது கை நடுக்கம் இல்லை, வாடகை கட்ட வேண்டிய திகதி. 28ஆம் திகதி கையில் காசு இல்லாமல் இருக்கிறபோது, பதினாறு வயசுப் பொடியன் ஒருத்தன் பத்தாயிரத்தோடு வந்து கழுத்தில் குத்தக் கேட்டால், சுவரில் ஒட்டின பட்டியல் மட்டும் எங்களைக் காப்பாற்றாது. ‘மாட்டம்’ என்று சொல்கிற பலம் எங்கிருந்தாவது வர வேணும். அது ஒருத்தியின் மாதச் சம்பளத்தில் இருந்து வந்தால் வரட்டும். மருதோன்றிக் காசில் இருந்து வந்தால் வரட்டும். தனியாகத் தொழில் செய்வது என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். வேண்டாத வேலையைத் திருப்பி அனுப்பக்கூடிய அளவுக்குக் கையில் இருப்பது. ஏனென்றால் அந்தப் பொடியன் இதே ஊரில்தான் வளர்ந்து, வேலை தேடி, கலியாணம் கட்டி, எங்களுக்கு முன்னால் நடந்து திரியப் போகிறான்.

ஆகவே மெசேஜ் போடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு: முதல் மெஷின் வாங்காதீங்க. முதல் கொப்பி வாங்குங்க, ஒவ்வொரு நாளும் கோடு போடுங்க. ஒரு நல்ல கடையில் நின்று, அவர்கள் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பாருங்க. தடுப்பூசி மூன்றையும் போட்டு முடியுங்க. தன்ர தோலில் குத்தி, அது ஆறுகிற வரை காத்திருங்க. வேறு ஒரு வருமானத்தை விட்டுவிடாதீங்க. ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் திறங்க.

பிறகு இன்னொரு கொப்பி வேணும். யாருக்கு, எந்தத் திகதி, என்ன மை, மைப் போத்தலின் தொகுதி இலக்கம் என்ன, ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தபோது எப்பிடி ஆறியிருந்தது. எங்கட கொப்பியில் இன்றைக்கு 143ஆம் பெயர் எழுதியிருக்கு. அந்த அக்கா வாற மாதம் முதல் சனிக்கிழமை காட்ட வருவா.